ராக்கன் உயிரோடு இருந்த பதின்மூன்று நாள்

ராக்கன் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதை நிரூபிக்க அவன் பெண்சாதி காத்தாயிக்குச் சர்க்கார் கொடுத்த அவகாசம் நாற்பத்தெட்டு நாள். சரியாக ஒரு மண்டலம்.

1961 பிப்ரவரியில், ஆலங்குடிப் பக்கத்து மேலக்கொல்லைப்பட்டிக்கு மின்சாரம் வருகிறது என்று தண்டோரா போட்டார்கள். கிணறு வைத்திருப்பவர்கள் மோட்டாருக்கு இணைப்புக் கேட்கலாம். உயிரோடு இருக்கும் பட்டாதாரர்கள் மார்ச் ஆறாம் தேதி ஊர்ச்சாவடிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். செத்த பட்டாதாரர்களின் வாரிசுகள் மார்ச் முப்பதுக்குள் சாவுச் சான்றிதழோடு தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டிலும் சேராத பட்டாதாரர் ஒருவர் இருக்கக்கூடும் என்று சர்க்காருக்குத் தோன்றவில்லை.

காத்தாயியின் கடலைக் கொல்லையும் கிணறும் ராக்கன் பேரில் இருந்தன. கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த ஜோடியில் ஒரு மாடு தை மாதம் செத்து விழுந்துவிட்டது. அடுத்த கொல்லை சேவுகனுடையது. இரண்டு கிணற்றுக்கும் நடுவே அறுபது அடி. அடியில் ஒரே ஊற்று. எந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறதோ அந்தக் கொல்லைக்குத் தண்ணீர். மற்றக் கிணற்றுக்கு மண். சேவுகன் திருச்சியில் மோட்டாருக்குச் சொல்லிவைத்துவிட்டு, மீசையை முறுக்கியபடி காத்திருந்தான்.

காத்தாயி ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். சாட்சியின் பெயர் பிச்சை. மலாயாவில் ஒரே ரப்பர் தோட்டத்தில் ராக்கனோடு பால் வெட்டியவன். ஜப்பான்காரன் வந்ததும் இருவரையும் ஒரே லாரியில் ஏற்றிச் சயாம் காட்டுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். போனது இரண்டு பேர். வந்தது முழுசாக ஒரு ஆள்கூட இல்லை. பிச்சைக்கு இடது கால் முழங்காலோடு சரி.

"அவர் செத்ததை நீ பாத்தியா?" என்றார் தாசில்தார்.

"பாத்தேனாவா? நாந்தாங்க தூக்கித் தீயில போட்டேன். காலரா. ரெண்டு நாள் கெடந்தாரு."

"எந்தத் தேதி?"

"மழைக்காலமுங்க."

"இங்கிலீஷ் தேதி கேட்டேன்."

"கேட்டுச் சொல்ல எங்க கூடாரத்துல இங்கிலீஷ்காரன் ஒருத்தனும் இல்லீங்களே."

"செத்துட்டார்னு எந்த டாக்டர் சொன்னார்?"

"அவரு ஒடம்பே சொல்லுச்சுங்க."

தாசில்தார் இதை எழுதிக்கொள்ளவில்லை. பைலில் இருந்து இரண்டு கடிதங்களை எடுத்தார். காத்தாயியின் பழைய மனுவின்பேரில் எங்கெங்கோ எழுதிக் கேட்டு வந்த பதில்கள். முதல் கடிதம் லண்டனில் தோட்டக் கம்பெனி எழுதியது: "1942 ஜனவரியில் நாங்கள் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டபோது மேற்படி ராக்கன் நல்ல ஆரோக்கியத்துடன் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாக அறிகிறோம். இதற்காக அவர்மேல் நடவடிக்கை ஏதும் எடுப்பதாக இல்லை."

இரண்டாவது டோக்கியோவில் இருந்து: "ரயில்பாதைக்கு வந்தவர்கள் எங்கள் விருந்தினர்கள். விருந்தினர் சாவுக்குப் பதிவேடு வைப்பது பண்பல்ல என்பதால் வைக்கவில்லை."

"பாத்தியாம்மா? ரெண்டு வல்லரசும் அவர் செத்ததாச் சொல்லல. நீயும் இந்த நொண்டியும் சொல்றீங்க. நான் யாரை நம்புறது?"

வெளியே வந்தபோது ஹெட்கிளார்க் நாகராசு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "புதுக்கோட்டையில ஒரு சபை இருக்கு. பிரிட்டிஷ்காரனும் ஜப்பான்காரனும் ஒண்ணாச் சேந்து நடத்துறது. ரெண்டு பேர்கிட்டயும் காயிதம் வாங்க அதுதான் எடம். போய்ப் பாருங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள். இந்தக் கதையில் இரக்கத்தால் நடந்த ஒரே காரியம் இதுதான். மற்றதெல்லாம் இதனால் வந்தது.

* * *

பிரிட்டிஷ்-ஜப்பானியக் கலாசாரப் பரிவர்த்தனைச் சபையின் புதுக்கோட்டைக் கிளை, கீழ ராஜவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. பிரிட்டிஷ்காரரும் ஜப்பானியரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளச் சிறுசிறு உதவி நிதி வழங்குவது சபையின் நோக்கம். கிளையில் ஒன்பது அங்கத்தினர்கள். ஒன்பது பேரும் தமிழர்கள்.

இதனால் கிளை சோர்ந்துவிடவில்லை. மாதம் ஐந்து பேர் பிரிட்டிஷ் பக்கம் உட்கார்ந்து பால் விட்ட டீ குடித்தார்கள். நான்கு பேர் ஜப்பான் பக்கம் பாயில் உட்கார்ந்து பால் விடாத டீ குடித்தார்கள். அடுத்த மாதம் பக்கம் மாறினார்கள். மூன்று வருஷமாக இது ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

தலைவர் ராவ் சாகிப் ரத்தினவேல், சமஸ்தான காலத்தில் அரண்மனை விருந்துகளை மேற்பார்வை பார்த்தவர். அந்த மாதம் அவர் பிரிட்டிஷ். காரியதரிசி சோலையப்பன் டுடோரியல் நடத்துபவர். அந்த மாதம் ஜப்பான்.

பஸ்ஸில் வந்த களைப்பில் பிச்சை டீப் பாத்திரத்தைப் பார்த்தான்.

"உங்களுக்கு டீ கொடுக்க முடியாது" என்றார் ராவ் சாகிப், தன் கோப்பையை உறிஞ்சியபடி. "விதி நாலு. மூன்றாம் தேசத்தாருக்கு உபசாரம் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் இந்தியர்கள்."

"நீங்க?"

"நான் இந்த மாதக் கடைசி வரைக்கும் பிரிட்டிஷ்."

அன்று கிளையில் ஒரு கலவரம். இதுவரை ஒருவருக்கும் நிதி வழங்காத கிளையை மார்ச்சோடு மூடிவிடுவதாக லண்டனில் இருந்து கடிதம் வந்திருந்தது. பிரிட்டிஷாரோடும் ஜப்பானியரோடும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வாழ்ந்த ஒருவரைக் கண்டுபிடித்து நிதி வழங்கினால் கிளை பிழைக்கும். அப்படிப்பட்ட ஆளுக்குப் புதுக்கோட்டையில் எங்கே போவது?

காத்தாயி தன் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ராவ் சாகிபின் கோப்பை கீழே இறங்கியது. கண் கலங்கியது.

"சோலையப்பன்! விண்ணப்பப் பாரத்தை எடும்!"

பாரம் வந்தது.

"உன் புருஷன் பிரிட்டிஷாரோடு எவ்வளவு காலம் இருந்தார்?"

"மூணு வருசமுங்க. தோட்டத்துல."

"அப்புறம்?"

"ஜப்பான்காரன் லாரியில அள்ளிப் போட்டுக் கொண்டுபோயிட்டான்."

"வாகன வசதியை ஜப்பான் தரப்பே ஏற்றுக்கொண்டது. எழுதும். தங்கும் இடம்?"

பிச்சை சொன்னான்: "மூங்கில் கொட்டாயிங்க. கூரை கெடையாது."

"திறந்தவெளி முகாம். சாப்பாடு?"

"புழுத்த அரிசி."

"ஜப்பானிய முறை அரிசி உணவு. சங்கீதம், நடனம் ஏதாவது?"

"குச்சியால அடிப்பாங்க. நாங்க ஆடுவோம்."

சோலையப்பன் இதையும் எழுதிக்கொண்டார்.

"பிரமாதம்! இப்ப உன் புருஷன் எங்கே?"

"அதத்தான் சாமி மொதல்லயே சொன்னேன். செத்துட்டாருங்க. செத்துட்டாருன்னு காயிதம் வாங்கத்தான் வந்தேன்."

பேனா நின்றது. ஜப்பான் பக்கத்து நான்கு பேரும் பாயைப் பார்த்தார்கள். நிதி பெறுபவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது முதல் விதி.

ராவ் சாகிப் ஐந்து நிமிஷம் யோசித்தார். அரண்மனை விருந்துகளில் எத்தனையோ சிக்கலைத் தீர்த்த மூளை அது.

"இந்தாம்மா, லண்டன்ல அவர் செத்ததாச் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"டோக்கியோவில?"

"இல்லீங்க."

"தாசில்தார்?"

"அவரும் சொல்ல மாட்டேங்கிறாரு."

"இத்தனை பெரியவங்க சொல்லாத வார்த்தையை நாம ஏன் அவசரப்பட்டுச் சொல்லணும்? அடுத்த மாதம் லண்டன்ல இருந்து ஒரு துரையும் டோக்கியோவில இருந்து ஒரு பெரியவரும் நிதி வழங்க நேரிலேயே வராங்க. நீயே அவங்ககிட்டக் கேட்டு வாங்கிக்க. இதுல ஒரு கைநாட்டு வை. கேட்கிறதுக்கான மனுதான்."

காத்தாயி பிச்சையைப் பார்த்தாள். பிச்சைக்கும் படிக்கத் தெரியாது.

"ரெண்டு பேரும் நேர்ல வாரானுவன்னா நல்லதுதானே தங்கச்சி" என்றான் அவன்.

அவள் கட்டை விரலை மையில் தோய்த்தாள்.

மார்ச் முதல் தேதி, ராக்கன் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் தயாரானது. கையெழுத்திட்டவர் கால்நடை டாக்டர் திருப்பதி. கிளையில் இருந்த ஒரே கெஜட்டட் அதிகாரி அவர்தான். மனிதர்களுக்குச் சான்றிதழ் எழுதிப் பழக்கமில்லாததால் தெரிந்த வாசகத்தையே எழுதினார்: "நேரில் பார்வையிட்டேன். கண் தெளிவு. நடை சுத்தம். உழைப்புக்கு ஏற்றது."

இதற்கும் காத்தாயி கைநாட்டு வைத்த பாரத்துக்கும் தாலுகா ஆபீசுக்கு ஒரு நகல் போனது. ராவ் சாகிப் எதிலும் முறை தவறாதவர்.

* * *

மார்ச் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. நகரத்தின் பெரிய மண்டபத்தில் இரண்டு தேசத்துக் கொடிகள். மேடை நடுவில் ராக்கனுக்கு ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. ஒரு மாலை இருந்தது.

மேடைக்குப் பின்னால் காத்தாயியை ராவ் சாகிபின் மனைவி சொர்ணவல்லி அம்மாள் பிடித்துக்கொண்டாள். கையில் மல்லிகை, குங்குமச் சிமிழ், கவரிங் சங்கிலியில் கோத்த ஒரு தாலி.

"குனி."

"என்னம்மா இது! நாப்பத்தாறுல பிச்சையண்ணன் வந்து சொன்ன அன்னிக்கே எல்லாத்தையும் கழட்டியாச்சு. என்னைப் போட்டு இப்படிச் சோதிக்காதீங்க."

"பாவம், உனக்குத் தெரியாது. புருஷன் உயிரோட இருக்கிறப்ப வெறும் நெத்தியோட மேடை ஏறினா அவருக்கு ஆகாது. தாலி கிளைக்குச் சொந்தம். கழுத்தை ஆட்டாதே."

காத்தாயி நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் கிளையின் தாலியோடும் மேடை ஏறினாள். முதல் வரிசையில் பிச்சை அவளைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

லண்டனில் இருந்து வந்தவர் ஹார்லோ துரை. ஒரு காலத்தில் ஜோகூரில் தோட்ட மானேஜர். தமிழிலேயே பேசினார், தோட்டத் தமிழ்.

"நாங்க மலாயாவை விட்டுப் போறப்ப ரொம்ப அவசரம். நம்ம நாயை நாமே சுட்டுட்டுத்தான் கப்பல் ஏறினோம். அதுங்க கஷ்டப்படக் கூடாது பாரு. கூலிங்களை அப்படிச் செய்யல. நல்ல நிலைமையில விட்டுட்டு வந்தோம். வீட்டைக் காலி பண்றவன் அடுத்துக் குடிவர்றவனுக்கு விளக்குமாறை விட்டுட்டுப் போறது மரியாதை. அந்த மரியாதையிலதான் நம்ம ரெண்டு தேசத்து சிநேகிதம் ஆரம்பம்."

பலத்த கைதட்டல்.

டோக்கியோவில் இருந்து வந்த ஒகாபே மெலிந்த, சாந்தமான மனிதர். அவர் ஆங்கிலத்தில் பேச, சோலையப்பன் தமிழாக்கினார்: "காடு, மலை, ஆறு எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பாதை போட வருஷக்கணக்காகும் என்றார்கள். எங்கள் விருந்தினர் ஒத்துழைப்பால் சீக்கிரமே முடிந்தது. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட விடுப்புக் கேட்கவில்லை. ஒருவர்கூட உணவைக் குறை சொல்லி எழுதவில்லை. இத்தகைய பண்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை."

முடிவில், எல்லோரும் எழுந்து ராக்கனின் நாற்காலிக்கு ஜப்பானிய முறையில் வணக்கம் செலுத்தலாம் என்றார். முறையைக் காட்ட, 'விறைத்து நில்' என்று அவரே ஜப்பான் பாஷையில் உரக்கக் கட்டளையிட்டார்.

"கியோட்ஸ்கே!"

முதல் வரிசையில் பிச்சை துள்ளி எழுந்தான். ஊன்றுகோல் ஒருபுறம் விழுந்தது. ஒற்றைக் காலில் விறைத்து நின்று, கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்து, தன் பழைய நம்பரை ஜப்பான் பாஷையில் கத்தினான். முகம் வெளிறிப்போயிருந்தது. வேட்டி நனைந்திருந்தது.

மண்டபம் அதிர்ந்தது. "பதினெட்டு வருஷம் ஆகியும் மறக்கவில்லை பாருங்கள்!" என்று ராவ் சாகிப் ஒலிபெருக்கியில் அழுதார். ஒகாபே மேடையிலிருந்து இறங்கி வந்து, பிச்சையின் முதுகில் கை வைத்து, அவன் இன்னும் இரண்டு விரற்கடை குனிய வேண்டும் என்று அன்போடு திருத்தினார்.

அப்புறம் காத்தாயியைப் பேசச் சொன்னார்கள்.

"சாமி, எனக்குப் பேசத் தெரியாது. இவரை ஒங்க தோட்டத்துல இருந்து அவுக கொண்டுபோனாக. அவுக காட்டுல செத்தாரு. நீங்க ரெண்டு பேரும் இங்கிட்டு இருக்கீங்க. இவரு செத்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்குக் கெணத்துல தண்ணி வேணும்."

ஹார்லோவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவர் அவள் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்: "நீ கேக்குறது நியாயம்தான். ஆனா நான் சாவுக் கமிட்டி இல்ல, கலாசாரக் கமிட்டி. நல்ல நாளும் அதுவுமா அழக்கூடாது, சரியா?"

இங்கிலாந்திலும் ஜப்பானிலும் மூன்று வாரம் சுற்றி இரு நாட்டுத் தோட்டக்கலையை ஆராயும்படி ராக்கனுக்குச் சிறுநிதி வழங்கப்பட்டது. கப்பல் சென்னையில் மார்ச் இருபத்தைந்தாம் தேதி. நாற்காலிதான் அதைப் பெற்றுக்கொண்டது.

* * *

மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது. தாசில்தார் அதை வெட்டிப் பைலில் ஒட்டி, "பட்டாதாரர் உயிரோடு உள்ளார், மனு தள்ளுபடி" என்று எழுதினார்.

காத்தாயி அவரிடம் அழுது பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். வாசலில் படுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, புருஷன் பொழைச்சதுக்கு இப்படி ஒப்பாரி வைக்கிற பொம்பளையை நான் பாத்ததில்ல" என்றார் தாசில்தார்.

இருபத்தைந்தாம் தேதி கப்பல் போனது. ராக்கன் ஏறவில்லை. இருபத்தாறாம் தேதி லண்டனில் இருந்து தந்தி: பயனாளி வராத காரணம் என்ன?

கிளை அவசரமாகக் கூடியது. விதி பதினொன்றைச் சோலையப்பன் வாசித்தார். நிதி பெற்றவர் பயணம் போகாவிட்டால் கிளை கலைக்கப்படும். ஏற்கத்தக்க காரணம் ஒன்றே ஒன்றுதான்: நிதி பெற்ற பின் நேர்ந்த மரணம்.

ஒன்பது பேரும் வாக்களித்தார்கள். ராக்கன் ஒருமனதாக இறந்தார்.

தேதி மார்ச் பதின்மூன்று, அதாவது விழாவுக்கு மறுநாள். இடம் புதுக்கோட்டை. காரணம், நிதி கிடைத்த மகிழ்ச்சியில் மாரடைப்பு. டாக்டர் திருப்பதிதான் இதற்கும் கையெழுத்துப் போட்டார். பதிவு செய்யும் இடத்தில் அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். கிளை எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டித்தது. ஒரு நிமிஷம் பிரிட்டிஷ் முறையில், ஒரு நிமிஷம் ஜப்பானிய முறையில்.

இருபத்தெட்டாம் தேதி மேலக்கொல்லைப்பட்டிக்குக் கார் வந்தது. ராவ் சாகிப், சொர்ணவல்லி அம்மாள், சோலையப்பன் மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்க" என்றார் ராவ் சாகிப். "உன் புருஷன் காலமாயிட்டார்."

காத்தாயி கமலையில் இருந்த ஒற்றை மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கயிறு கையிலேயே நின்றது.

"காயிதம்?"

"இதோ. சீலோட."

இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவள் புருஷன் செத்ததை ஒரு பெரிய மனுஷர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அந்தத் தாலி?" என்றாள் சொர்ணவல்லி அம்மாள். "விழா முடிஞ்சு நீ கொடுக்காமலே வந்துட்ட. இப்பத்தான் அவர் போயிட்டாரே. கிளையோட சாமான் அது."

காத்தாயி உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். அம்மாள் எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லாததால், கடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

* * *

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணி. இன்னும் ஒரு நாள் இருந்தது. காத்தாயியும் பிச்சையும் தாசில்தார் முன்னால் நின்றார்கள். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீல் சரி. கையெழுத்து சரி.

"செத்துட்டார். சந்தேகமே இல்லை. பட்டாவை உன் பேருக்கு மாத்திடலாம்."

"மகராசனா இருப்பீங்க ஐயா! மோட்டாரு மனுவும் கொண்டாந்திருக்கேன்."

"அது முடியாது."

"ஏனுங்க?"

தாசில்தார் சான்றிதழில் விரலை வைத்தார். "இவர் செத்தது மார்ச் பதிமூணு. உயிரோட இருக்கிறவங்க மார்ச் ஆறாம் தேதி சாவடிக்கு வந்து கையெழுத்துப் போடணும்னு உத்தரவு. ஆறாம் தேதி இவர் உயிரோடதானே இருந்தார்? ஏன் வரல?"

காத்தாயி மோட்டார் மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சுகமில்லைன்னு சொல்லாதே. 'கண் தெளிவு, நடை சுத்தம்'னு டாக்டரே எழுதியிருக்கார். வரவேண்டியவர் வரல. கிணறு பட்டியல்ல இருந்து நீங்கியாச்சு."

"ஐயா, அவரு செத்து பதினெட்டு வருசம்..."

"அப்ப இந்தச் சான்றிதழ் பொய்யா? பொய்ச் சான்றிதழ் கொடுத்தா என்ன தண்டனைன்னு தெரியுமா? அவர் உயிரோட இருக்கார்னு சபையில இருந்து வந்த பாரத்துல யார் கைநாட்டு இருக்கு பாரு."

பிச்சை அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வா தங்கச்சி. பேசப் பேச இன்னொருத்தரு சாவாரு."

"இன்னொண்ணு" என்றார் தாசில்தார். "சேவுகன் கிணத்துக்கு லைன் உன் கொல்லை வழியாத்தான் போகணும். நடுவுல ஒரு போஸ்ட் வரும். ஆட்சேபணை இருந்தா மார்ச் பத்தாம் தேதிக்குள்ள சொல்லச் சொல்லி உன் புருஷன் பேருக்கு நோட்டீஸ் போட்டோம். அவர் ஒண்ணும் சொல்லல. சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்."

சித்திரையில் போஸ்ட் நட்டார்கள். வைகாசியில் சேவுகன் கிணற்றில் மோட்டார் ஓடியது. ஆனி பிறப்பதற்குள் காத்தாயியின் கிணற்றில் பாறை தெரிந்தது. கடலைச் செடி கருகி, காலில் மிதிபட்டால் பொடிந்தது.

ஒருநாள் கம்பியைச் சரிபார்க்க வந்த லைன்மேன், போஸ்ட்டில் இருந்து இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கருகிய கொல்லையைச் சுற்றிப் பார்த்தான். வரப்பில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

"யாரு கொல்லை ஆத்தா இது? இப்படிக் கெடக்கு?"

"எம் புருசன் கொல்லை."

"அவரு இல்லையா? எப்பச் செத்தாரு?"

காத்தாயி தலைக்கு மேலே ரீங்கரிக்கும் கம்பியை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க எந்தக் காயிதப்படி கேக்குறீங்க?" என்றாள்.